துக்க மணி மெயில்

திரும்பி வந்திருந்த மெயில்களின் எண்ணிக்கையைப் பார்த்ததும் ஆரோக்கியமுத்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். எண்ணூற்று நாற்பத்திரண்டு!

"செயராணி! ஏய் செயராணி! எண்ணூத்தி நாப்பத்திரண்டு தபால் திரும்பி வந்துருச்சுடி!"

"எங்கண்ணனுக்குப் போச்சா, இல்லையா?" அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது.

உலகமே திரும்பி வந்தாலும் மனைவி ஜெயராணிக்குக் கேள்வி அது ஒன்றுதான். அவளுடைய அண்ணன் ராபின் இருபது வருஷமாகக் கத்தார் நாட்டுத் தோகாவில் இருக்கிறார். அண்ணன் என்றால் அவளுக்கு உயிர். அந்த உயிருக்குக் கோயில் திருவிழா அழைப்பு இன்னும் போய்ச் சேரவில்லை.

ஆரோக்கியமுத்து முப்பத்திரண்டு வருஷம் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆவூர்ப் பக்கம் சூசையப்பர்குடியில் அவர் கொடுக்காமல் விட்ட கடிதம் என்று ஒன்று கிடையாது. 'கறுத்த அந்தோணி, பனைமரத்து வீடு' என்று மொட்டையாக வந்த கடிதத்தைக்கூட மூன்று கறுத்த அந்தோணிகளையும் விசாரித்துச் சரியான அந்தோணியின் கையில் சேர்த்தவர். அதனால்தான் கோயிலின் இருநூறாவது ஆண்டுத் திருவிழாவுக்கு, வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிற ஆயிரத்து நூற்றுப் பதினான்கு பேருக்கும் அழைப்பு அனுப்பும் வேலையைக் கோயில் நிர்வாகம் பார்க்கிற பங்குப் பேரவை அவர் தலையில் கட்டியது.

கட்டும்போதே ஒரு விதியும் போட்டது. எல்லோருக்கும் ஒரே மாதிரி, பெயர் சொல்லி, மெயிலில்தான் அழைப்பு. ஒருவனுக்குப் போன், இன்னொருவனுக்கு மெயில் என்றால் "நான் என்ன எளக்காரமா?" என்று கிளம்பிவிடுவார்கள். வாட்ஸ்அப்பில் பொதுவாகப் போட்டால் அது அழைப்பே ஆகாது. போன தேர்த் திருவிழாவுக்குச் சொல்லாமல் விட்டுப்போன ஒரு குடும்பம், பதினொரு வருஷமாகியும் தண்ணீர்க் குழாயடியில்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் நிற்கிறது.

"நீயே ஒங்கண்ணனுக்குப் போன் போட்டுச் சொல்லேண்டி" என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தார்.

"நான் கூப்பிட்டா அது தங்கச்சி கூப்பிட்டது. மாப்பிள்ளை அழைச்சதா ஆகுமா? எங்கண்ணனை நீங்க முறையா அழைக்கலைன்னா, நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன். சாவி எங்கிட்டதான் இருக்கு."

சாவி என்றது வடக்குத் தெருவில் பூட்டிக் கிடக்கிற ராபின் வீட்டுச் சாவி. நாலே வீடு தள்ளித்தான். ஆனால் பையைத் தூக்கிக்கொண்டு அந்த நாலு வீட்டைத் தாண்டினால் ஊரே பார்க்கும்.

திரும்பி வந்த தபாலை ஒரு தபால்காரர் என்ன செய்வார்? மறுபடி பையில் போட்டு எடுத்துக்கொண்டு போவார். ஆரோக்கியமுத்துவும் அதைத்தான் செய்தார். திரும்பி வந்த ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் இரண்டு பத்தி இருந்தது. அளவுக்கு மீறி மடல் வருகிறது, நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று முதல் பத்தி சொன்னது. இரண்டாவது பத்தியைப் படிக்க அவருக்குப் பொறுமை இல்லை. மொத்தப் பேருக்கும் மறுபடி அழுத்தினார்.

தொள்ளாயிரம் திரும்பியது.

மத்தியானம் மறுபடி அழுத்தினார். ஆயிரம். மறுநாளும் அழுத்தினார், அதற்கு மறுநாளும் அழுத்தினார். ஏழாவது தடவை ஆயிரத்து நூற்றுப் பதினான்கும் திரும்பி வந்தது. போய்ச் சேர்ந்தது, அவருக்கே அவர் அனுப்பிக்கொண்ட ஒன்று மட்டும்தான்.

பஸ் ஏறிக் கீரனூருக்குப் போனார். அங்கேதான் நெட் கனெக்‌ஷன் கொடுக்கிற மணிமேகலையின் கடை. கோயில் பேரில் புது மெயில் முகவரி போட்டுக் கொடுத்ததும் அவள்தான்.

மணிமேகலை திரையைப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "என்ன சார் இது? பந்தியில அப்பளம் போடுற மாதிரி ஒரே நேரத்துல ஊருக்கே போட்டிருக்கீங்க!"

"பின்ன? எல்லாருக்கும் ஒரே நேரத்துல போகணும்ல?"

"போகாது சார். மெயில் கம்பெனிக்காரங்க புது முகவரிய லேசுல நம்ப மாட்டாங்க. மணிக்கு இத்தனைதான்னு ஒரு அளவு வச்சிருப்பாங்க. மீறினா, 'இரு, அப்புறம் பாக்கலாம்'னு நிறுத்தி வச்சுருவாங்க. நீங்க திரும்பத் திரும்ப அழுத்தினீங்களா, இவன் யாரோ திருட்டுப்பயன்னு அளவை இன்னும் கொறைச்சுட்டாங்க."

"திருட்டுப்பயலா? என்னையா?" முப்பத்திரண்டு வருஷத்தில் ஒரு மணியார்டரில் ஒரு ரூபாய் குறைந்ததில்லை. எவனோ எங்கேயோ உட்கார்ந்துகொண்டு அவரைத் திருடன் என்கிறான்!

"ஆனா பயப்படாதீங்க. நிறுத்தி வச்சதைக் கம்ப்யூட்டரே மெதுவா மறுபடி அனுப்பிடும், ரெண்டாவது பத்தியில அதைத்தான் எழுதியிருக்காங்க. இந்தா பாருங்க, எல்லாம் போயிருச்சுன்னுதான் காட்டுது."

"காட்டும்மா, காட்டும்! ஆளு கையில சேந்தாத்தான் டெலிவரி. நான் முப்பது வீட்டுல ஏறி எறங்கிக் கேட்டுட்டு வாரேன். எவனைக் கேட்டாலும் 'மெயில் வரலைங்கிறான் எம்மவன்'னு ஒரே மாதிரி சொல்றாக. முப்பது பேரும் பொய்யா சொல்லுவாக?"

மணிமேகலை யோசித்தாள். முப்பது பேர் என்பது பெரிய சாட்சிதான். "அப்பக் குப்பைப் பெட்டியில விழுந்திருக்கும். ஸ்பேம்னு ஒண்ணு இருக்கு, அதுல. உங்க பேரு கெட்டுப்போனதால அங்கிட்டுத் தள்ளியிருப்பாங்க. ஆயிரத்து நூத்திப் பதினாலு பேருல ஒம்பது பேருதான் தொறந்திருக்காங்க."

"இப்ப என்ன செய்ய?"

"ரெண்டு வழி இருக்கு. தொறக்காத ஆளுக பேரையெல்லாம் லிஸ்டுலேருந்து எடுத்துருங்க. அப்ப உங்களுக்கு நல்ல பேரு வரும்."

ஆரோக்கியமுத்து நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "பேரை எடுக்குறதா! ஏம்மா, ஊரை விட்டுத் தள்ளி வைக்கிறதும் அதுவும் ஒண்ணுதானே! அப்பன் பாட்டனெல்லாம் ஞானஸ்நானம் வாங்குன கோயிலும்மா!"

எடுக்கச் சொன்ன பெயர்களில் ராபினும் இருந்தார். அந்தப் பெயரை எடுத்துவிட்டு எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

"அப்ப ரெண்டாவது வழிதான். அம்பது அம்பதா அனுப்புங்க. ஆனா பாத்த ஒடனே தொறந்து பதில் போடுற மாதிரி ஒரு மெயிலா இருக்கணும். பதில் வர வர உங்க பேரு ஏறும். பேரு ஏற ஏற அளவைத் தளத்திருவாங்க. லாட்டரி, பரிசுன்னு மட்டும் எழுதிறாதீங்க."

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் ஆரோக்கியமுத்து அதையே நினைத்துக்கொண்டு வந்தார். சூசையப்பர்குடிக்காரன் உடனே திறக்கிற கடிதம் எது? கல்யாணப் பத்திரிகையா? ரெண்டு நாள் போட்டு வைத்திருப்பான். பேங்க் கடிதமா? ஆறு மாசம் திறக்க மாட்டான்.

பஸ்ஸை விட்டு இறங்கும்போது பட்டென்று பிடிபட்டது. துக்க மணி!

ஊரில் யாராவது இறந்தால் கோயில்பிள்ளை சவரியப்பன் மணியை விட்டு விட்டு, ஒவ்வொன்றாக அடிப்பார். அந்தச் சத்தம் கேட்டால் வயலில் இருப்பவன் மண்வெட்டியைப் போடுவான், சாப்பிடுகிறவன் கையை உதறுவான். "யாரு? யாரு?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வருவான். மணி பெயர் சொல்லாது. கேட்டு வந்தால்தான் தெரியும்.

ஆரோக்கியமுத்துவும் பெயர் போடவில்லை. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, மனைவி பூசைக்குப் போயிருந்த நேரத்தில், ஒரு மெயில் எழுதினார். தலைப்பு, 'சூசையப்பர்குடியில் துக்க மணி அடிக்கிறது.' உள்ளே, 'யாருக்கு என்று அறிய இம்மடலுக்குப் பதில் எழுதவும். இப்படிக்கு, ஆரோக்கியமுத்து.'

பதில் எழுதுகிறவனுக்கு, 'யாருக்கும் ஒன்றுமில்லை, திருவிழாவுக்கு வாங்க' என்று எழுதிவிடுவது. அவனும் சிரித்துவிட்டுப் போவான். இதுதான் அவருடைய திட்டம். சிரிப்பார்கள் என்றுதான் மனுஷன் உண்மையிலேயே நம்பினார்!

முதல் ஐம்பது போனது. மூன்று நிமிஷத்தில் நாற்பத்தெட்டுப் பதில்.

அடுத்த ஐம்பதுக்கு ஐம்பது. பிறகு அளவு நூறானது, இருநூறானது. ஒன்பது மணிக்கெல்லாம் ஆயிரத்து நூற்றுப் பதினான்கும் போய்விட்டது. ஒன்றுகூடத் திரும்பவில்லை. மணிமேகலையே போன் செய்தாள்.

"சார்! என்ன மாயம் சார் பண்ணீங்க? உங்க பேரு இப்பத் தங்கம் சார், தங்கம்! எங்க கடையில யாருக்குமே இப்படிப் பதில் வந்ததில்லை. அப்படி என்னதான் எழுதுனீங்க?"

"அது... ஊரு விசயம்மா" என்று வைத்துவிட்டார். அதற்குள் பதில்களைப் படிக்க ஆரம்பித்திருந்தார்.

'அப்பாவா?' 'எங்கம்மாவா?' 'ஐயோ, எங்க அப்பாவா? போன வாரம் கூப்பிட்டாரு, நான் எடுக்கலை.' 'யாருன்னு சொல்லுங்க, கும்பிட்டுக் கேக்குறேன்.' 'டிக்கெட் போட்டுட்டேன்.'

டிக்கெட் போட்டுட்டேன்!

ஊருக்குள் வீட்டுக்கு வீடு போன் அடிக்க ஆரம்பித்தது. எதிர் வீட்டு மரிய செல்வி போனைக் கையில் பிடித்தபடி வாசலில் நின்று கத்தினாள். "கிறிஸ்மஸுக்குப் பேசுன பய இன்னைக்குத்தான் கூப்பிடுறான். எடுத்த ஒடனே 'ஆத்தா, உசுரோட இருக்கியா'ங்கிறான்! இது என்ன கேள்வி? இல்லைன்னா நான் எப்படிடா போனை எடுப்பேன்?"

எடுத்தவர்கள் பிழைத்தார்கள். வயலுக்குப் போனவர்கள், நூறு நாள் வேலைக்குப் போனவர்கள், போனைச் சார்ஜில் போட்டவர்கள் எல்லோரும் வெளிநாட்டுக் கணக்கில் செத்துப்போனார்கள்.

ஆரோக்கியமுத்து பதறிப்போய் இன்னொரு மெயில் எழுதினார். 'யாருக்கும் ஒன்றுமில்லை. யாரும் பயப்பட வேண்டாம். எல்லோரும் நலம்.' ஐம்பது ஐம்பதாக அனுப்புகிற நிதானமெல்லாம் அவருக்கு அப்போது எங்கே இருந்தது? ஒரே அழுத்தில் ஆயிரத்து நூற்றுப் பதினான்கு பேருக்கும் தட்டிவிட்டார்.

எண்ணூற்று எழுபது திரும்பி வந்தது. அளவுக்கு மீறி மடல் வருகிறதாம்!

"அடப்பாவிகளா! செத்ததுக்கு வழி விட்டீங்க, சாகலைங்கிறதுக்கு விட மாட்டீங்களாடா!" என்று கம்ப்யூட்டரைப் பார்த்துக் கும்பிட்டார்.

போகாத எண்ணூற்று எழுபதால்கூட அவ்வளவு கெடுதி இல்லை. போய்ச் சேர்ந்த இருநூற்றுச் சொச்சம்தான் அவர் கழுத்தை அறுத்தது. நம் ஊரில் வெளிநாட்டில் இருக்கிறவனிடம் சாவை யார் நேராகச் சொல்கிறார்கள்? "ஒண்ணுமில்லப்பா, பயப்படாத, சும்மா ஒரு எட்டு வந்துட்டுப் போ" என்றுதானே சொல்வார்கள்? அந்த வார்த்தையைக் கேட்டால்தான் அவனுக்குச் சந்தேகமே தீரும். 'யாருக்கும் ஒன்றுமில்லை, பயப்பட வேண்டாம்' என்று படித்த இருநூறு பேரும் அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதார்கள். அதுவரை டிக்கெட் போடாமல் இருந்தவனும் போட்டான்.

பதினொரு மணிக்கு ஐஸ் பெட்டி வண்டி வந்து வாசலில் நின்றது. டிரைவர் இறங்கி வந்தான்.

"சார், மஸ்கட்டுலேருந்து புக் பண்ணிருக்காங்க. பாடி எங்க சார்?"

"பாடி இல்லப்பா."

"இன்னும் ஆஸ்பத்திரியிலேருந்து வரலையா? சரி, வெயிட் பண்றேன்."

அவன் பின்னாலேயே இன்னொரு ஐஸ் பெட்டி வண்டி வந்தது. அது மலேசியாக்காரர் அனுப்பியது. இரண்டு டிரைவர்களும் யார் முதலில் வந்தது என்று சண்டைக்கு நின்றார்கள். மலர் வளையங்கள் வந்து இறங்கின. பேண்டு செட்டுக்காரர்கள் வந்து டீ கேட்டார்கள்.

திருச்சிக்குப் போயிருந்த பங்குச் சாமியார் போனில் வந்தார். "முத்து, அடக்கப் பூசைக்கு நேரம் கேட்டு எனக்கு நாப்பது போன் வந்துருச்சு. எனக்குத் தெரியாம யாருய்யா செத்தது?"

"யாரும் சாகலை சாமி."

"நீயும் எங்கிட்ட மறைக்கிறியா முத்து? நான் தாங்கிக்குவேன். சொல்லு. கோயில்பிள்ளைதானே?"

ஆரோக்கியமுத்து போனை வைத்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தார். உள்ளே ஜெயராணி போனைக் காதில் வைத்துக்கொண்டு கண்ணீரும் சிரிப்புமாக நின்றிருந்தாள்.

"அழாத ண்ணே. நான் நல்லாத்தான் இருக்கேன். சாப்பிடு ண்ணே, போ." போனை வைத்தாள். "எங்கண்ணன்ங்க! நான்தான் போயிட்டேன்னு நெனச்சுருச்சாம். 'தாயி, நீ உசுரோட இருக்கியா'ன்னு கேட்டுத் தேம்பித் தேம்பி அழுவுதுங்க. எம்மேல எம்புட்டுப் பாசம் பாத்தீங்களா!"

"அப்பாடா! நல்லதாப் போச்சு" என்றார் ஆரோக்கியமுத்து. பேசாமல் இருந்திருக்கலாம்.

ஜெயராணியின் முகம் மாறியது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இருங்க. இந்த மெயிலு எத்தனை மணிக்கு அனுப்புனீங்க?"

"ஏழு, ஏழே காலு."

"ஏழே காலுக்கு எங்கண்ணனுக்குப் போயிருச்சு. எழவுச் சேதி ரெண்டு நிமிசத்துல போகுது. திருவிழா அழைப்பு மட்டும் பத்து நாளா போகலை. இல்ல?"

"அது வந்து செயராணி, அளவு வச்சிருக்காங்கடி. புது முகவரின்னா அவுக மணிக்கு இத்தனைதான்னு..."

"என்னையப் பாத்தாக் கிறுக்கச்சி மாதிரி இருக்கா? நீங்க அனுப்பவே இல்லை! எங்கண்ணனை வேணும்னே விட்டிருக்கீங்க. நம்ம கல்யாணத்துல எங்கண்ணன் உங்க மாப்பிள்ளைத் தோழனுக்கு மோதிரம் போடலைன்னு இன்னும் மனசுல வச்சிருக்கீங்க!"

"ஐயோ, மாதா மேல சத்தியமா ஏழு தடவை அனுப்புனேண்டி!"

ஜெயராணி பீரோவைத் திறந்தாள். பையில் நான்கு சேலைகளை வைத்தாள். ஐந்தாவதாக வைத்தது கல்யாணச் சேலை. முப்பது வருஷக் குடித்தனம் கண்ணெதிரே பைக்குள் போய்க்கொண்டிருந்தது. மேல் தட்டிலிருந்த அண்ணன் வீட்டுச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"செயராணி, வாசல்ல ரெண்டு ஐஸ் பெட்டி நிக்குது. பேண்டு செட்டு நிக்குது. நீ பையோட எறங்குனா ஊரு என்ன பேசும்?"

"முறையா அழைக்கத் தெரியாத வீட்டுல எனக்கு என்ன வேலை? நாளைக்கு எங்கண்ணன் வந்து, 'மாப்பிள்ளை என்னைய ஒரு ஆளா மதிக்கலையே'ன்னு கேட்டா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் பதில் சொல்லுவேன்? எங்கண்ணன் மாதிரி ஒரு சூதுவாது தெரியாத மனுசனுக்கு இப்படிப் பண்ணிட்டீங்களேங்க!" அவள் உண்மையிலேயே அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது.

அவர் கெஞ்சிக் கெஞ்சியே சாயங்காலம் நாலு மணி ஆகிவிட்டது. அவள் வாசற்படியில் கால் வைக்கவும், திருச்சி விமான நிலையத்திலிருந்து ஒரு டாக்ஸி புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து நிற்கவும் சரியாக இருந்தது. கதவைத் திறந்து இறங்கியவன் சார்லஸ், கோயில்பிள்ளை சவரியப்பனின் மகன். சிங்கப்பூரில் வெல்டர். பட்டறை உடுப்போடு, ஷூகூட மாற்றாமல் விமானம் ஏறியிருந்தான். கையில் அவனைவிடப் பெரிய மலர் வளையம்.

"சித்தப்பா! எங்கப்பாவை எங்கிட்டு வச்சிருக்கீங்க? மூஞ்சிய ஒரு தடவை பாத்துக்கிறேன் சித்தப்பா!"

"டேய், நீ எப்படா வந்தே?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். பேண்டு செட்டுக்காரர்களோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்த சவரியப்பன் டம்ளரோடு எழுந்து வந்தார். "யாருக்குடா மாலை? மணி அடிக்கணும்னா எங்கிட்டல்ல மொதல்ல சொல்லணும்?"

சார்லஸ் மலர் வளையத்தைக் கீழே போட்டான். அப்பாவைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதான். அழுது முடித்ததும் திரும்பினான். கண் சிவந்திருந்தது.

"சித்தப்பா. இருவத்தெட்டாயிரம் குடுத்து டிக்கெட் போட்டேன். லீவு கேட்டதுக்கு சூப்பர்வைசர் கால்ல விழாத கொறை. பிளேன்ல நாலு மணி நேரம் அழுதுக்கிட்டே வந்தேன். என்ன சித்தப்பா இது? எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

ஆரோக்கியமுத்து இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "அடிக்கிறதுன்னா அடிச்சுரு மகனே, வாங்கிக்கிறேன். திருவிழாவுக்கு உங்களையெல்லாம் அழைக்கத்தான் பண்ணுனேன். ஏழு தடவை மெயில் போட்டேன். அளவு மீறிப்போச்சுன்னு நிறுத்திட்டாங்க. ஒருத்தருக்கும் போகலை. ராபின் மச்சானுக்குப் போகலைன்னு, இந்தா, ஒங்க சின்னம்மா பையத் தூக்கிட்டா. பேரு ஏறினாத்தான் அழைப்பு போகும்னாங்க. அந்தப் பேரை ஏத்தத்தான் மகனே மணி அடிச்சேன். வேற ஒண்ணுமில்லை."

சார்லஸ் ஓர் எட்டு முன்னால் வந்தான். கோபம் போய் முகத்தில் குழப்பம் வந்திருந்தது. பிளேனில் தூங்காத களைப்போ, அப்பா பிழைத்த சந்தோஷமோ, பையோடு நிற்கிற சின்னம்மா கேட்டுக்கொண்டிருப்பதை அவன் யோசிக்கவே இல்லை.

"அழைப்பா? அது மொத நாளே எல்லாருக்கும் வந்துருச்சே சித்தப்பா. தொறந்தா தேர்ச் செலவுக்கு நன்கொடை கேப்பீங்கன்னுதான், யாரு கேட்டாலும் மெயில் வரலைன்னே சொல்லணும்னு நாங்க தனியா ஒரு குரூப்பே வச்சிருக்கோம், அதுக்கு அட்மினே நம்ம ராபின் மாமாதான்!"